மாய உலகில் மனையும் சந்தையும் – ஜொகூர் ஆற்றங்கரை முதல் கணினித் திரை வரை



இன்றைய மாணவர்களிடம் "உன் வீடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் சிலரிடம் இரண்டு விடை உண்டு. ஒன்று, பெற்றோரோடு வாழும் வீடு. மற்றொன்று, கணினித் திரைக்குள் தாங்களே கட்டிய வீடு. அதற்குக் கதவு உண்டு, பூட்டு உண்டு, அலங்காரப் பொருள் உண்டு. அவ்வீட்டுத் திண்ணையில் கடை விரித்து வாணிகமும் நடத்துகின்றனர்.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். அல்லது கேடு என்று கண்டிக்கலாம். இரண்டிற்கும் முன்பு, அந்த வீடும் சந்தையும் எப்படி உருவாயின என்பதை அறிந்துகொள்வது நலம். இணைய விளையாட்டுகளில் வீடும் வாணிகமும் தாமாக முளைக்கவில்லை. யாரோ ஒருவர் அமர்ந்து, நிலத்தை யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, வரி எவ்வளவு, கைவிட்டுப் போனால் என்ன செய்வது என்றெல்லாம் விதி வகுத்திருக்கிறார். அவ்விதிகளின் வரலாறு ஏறக்குறைய நாற்பது ஆண்டு நீளமுடையது.

வியப்பு என்னவென்றால், அதே கேள்விகளை நம் ஜொகூர் மண் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்துவிட்டது. ஆகவே, கணினிக்குப் போவதற்குமுன் ஆற்றங்கரைக்குப் போவோம்.

1. ஆற்றங்கரையில் ஒரு வடிவமைப்பு

ஜொகூரின் தெமங்கோங் டாயிங் இப்ராகிம், 1844-ஆம் ஆண்டு முதல் சீனக் குடியேறிகளுக்கு ஆற்றோர நிலங்களை வழங்கத் தொடங்கினார். அதற்கான ஆவணத்திற்குச் 'சூராட் சுங்கை' என்று பெயர்; ஆற்று ஆவணம் என்று நாம் சொல்லலாம். ஆவணத்தைப் பெற்ற தலைவர் 'காங்சூ'. அவருடைய குடியிருப்பு 'கங்கார்'. இன்றைக்கும் கங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்களில் அச்சொல் உயிரோடு இருக்கிறது. மிளகும் கேம்பியரும் அங்கே பயிராயின. கேம்பியர் என்பது தோல் பதனிடுவதற்கும் வெற்றிலையோடு மெல்லுவதற்கும் பயன்பட்ட இலைச்சாறு.

ஆட்சியாளரிடம் நிலம் இருந்தது. அதைத் திருத்த ஆள் இல்லை. சாலையும் இல்லை, ஆறே வழி. ஆகவே ஆற்றை அலகாகக் கொண்டு நிலத்தைப் பிரித்தார். காட்டை அழித்துக் குடியேற்றுவது காங்சூவின் பொறுப்பு. அதற்குக் கைம்மாறாக, அந்தக் கங்காருக்குள் அபினி, சாராயம், சூதாட்டம், பன்றி இறைச்சி, அடகுக் கடை ஆகியவற்றின் தனியுரிமை அவருக்குக் கிடைத்தது. முதலீடு சிங்கப்பூர் வணிகர்களிடமிருந்து வந்தது. விளைச்சலை அவர்களுக்கே விற்க வேண்டும். அரிசியை அவர்களிடமே வாங்க வேண்டும் என்பது வழக்கம். 1873-ஆம் ஆண்டில் அபு பக்காரின் ஆட்சியில் காங்சூ முறைக்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 1917-ஆம் ஆண்டில் அம்முறை ஒழிக்கப்பட்டது.

இம்முறையை ஓர் அமைப்பாகப் பாருங்கள். நிலத்தைக் கொடுப்பவர் ஒருவர். உழைப்பவர் இன்னொருவர். உழைப்பாளி ஈட்டிய காசு கடை, சூது, அபினி என்னும் வடிகால்கள் வழியே மீண்டும் மேலே போய்விடுகிறது. 'ஊற்று' ஒருபுறம், 'வடிகால்' மறுபுறம். விளையாட்டு வடிவமைப்பாளர்களும் பிற்காலத்தில் இதே இரண்டு சொற்களைக் கொண்டே தங்கள் பொருளியலை விளக்கினர்.

2. ஒரே இரவில் ஐந்து மடங்கு பணம்

பலர் ஒரே நேரத்தில் நுழையும் கணினி உலகின் முன்னோடி, இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-இல் ராய் டிரப்ஷா தொடங்கி, பின்னர் ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்னும் விளையாட்டு. அது முழுவதும் எழுத்தாலானது. வீடு, கடை, பணம் ஆகிய மூன்றும் படங்களோடு ஒன்றுசேர்ந்த முன்னோடி உலகம் 'ஹேபிடட்'. லூகாஸ்பிலிம் நிறுவனம் 1986-இல் கொமடோர் 64 கணினிக்காக அதனை வெள்ளோட்டம் விட்டது. அதனை உருவாக்கியவர்களில் முதன்மையானவர்கள் சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி பார்மரும்.

அங்கே குடியேறும் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. கையில் 2,000 டோக்கன். நாள்தோறும் உள்ளே நுழைந்தால் மேலும் 100 டோக்கன். பொருள் வாங்க விற்பனைப் பொறிகள். பழைய பொருளை விற்க அடகுப் பொறிகள். எல்லாம் ஒழுங்காகவே தோன்றியது.

ஆனால், ஒருநாள் காலையில் வடிவமைப்பாளர்கள் கணக்குப் பார்த்தபோது, உலகிலுள்ள மொத்தப் பணம் ஒரே இரவில் ஐந்து மடங்காகியிருந்தது! என்ன நடந்தது? ஒரு பொறியில் பொம்மை 75 டோக்கனுக்குக் கிடைத்தது. வேறோர் இடத்து அடகுப் பொறி அதனை 100 டோக்கனுக்கு வாங்கிக்கொண்டது. பளிங்குப் பந்து 18,000-க்குக் கிடைத்தது. அடகுப் பொறி 30,000 கொடுத்தது. இதனைக் கண்டுபிடித்த சிலர் இரவு முழுவதும் ஓடியோடி வாங்கி விற்றிருக்கின்றனர். முதலில் பொம்மைகள், பந்து வாங்கும் அளவுக்குப் பணம் சேர்ந்தவுடன் பந்துகள்.

இதனை அப்படியே ஐந்தாம், ஆறாம் ஆண்டு கணிதப் பாடத்திற்குக் கொண்டுபோகலாம். 2,000 டோக்கனுடன் தொடங்குபவர் 26 பொம்மைகள் வாங்கலாம், மீதம் 50. விற்றால் கையில் 2,650. அடுத்த சுற்றில் 35 பொம்மைகள், கையில் 3,525. இப்படியே ஒவ்வொரு சுற்றிலும் கையிலுள்ள பணம் முழுவதற்கும் பொம்மை வாங்கி விற்றால், எட்டாம் சுற்றின் முடிவில் 19,725 டோக்கன் சேர்ந்துவிடும். அதற்குமேல் பளிங்குப் பந்துதான். ஒரு பந்துக்கு 12,000 டோக்கன் ஆதாயம். எட்டே சுற்றில் ஏழை செல்வனாகிவிடுகிறான்.

அவர்கள் திருடவில்லை, விதியை மீறவும் இல்லை. ஓரிடத்தில் மலிவாக வாங்கி, வேறோர் இடத்தில் விலைக்கு விற்பது வாணிகத்தின் அடிப்படை. தவறு விலையை எழுதியவரிடம் இருந்தது. வடிவமைப்பாளர்களும் அப்பணத்தைப் பறிக்கவில்லை. பணம் சேர்த்தவர்கள் அதனைக் கொண்டு மற்றவர்களுக்காகப் புதையல் வேட்டை போன்ற விளையாட்டுகளை நடத்தினர். ஒருவன் எதிர்பாராத வழியில் பொருளீட்டினால் அவன் கள்வன் ஆகிவிடுவதில்லை என்பது முதற்பாடம். விதியை எழுதுபவர் எல்லாவற்றையும் முன்னறிய முடியாது என்பது இரண்டாம் பாடம்.

3. காலி மனை தீர்ந்த கதை

1997 செப்டம்பரில் 'அல்டிமா ஆன்லைன்' வெளிவந்தது. ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய அல்டிமா உலகில், ராப் காஸ்டர் முதலானோர் வடிவமைப்புப் பணியில் இருந்தனர். அங்கே வீடு கட்ட வேண்டுமானால் ஓர் ஆவணத்தை விலைக்கு வாங்க வேண்டும். பிறகு காட்டிலோ மேட்டிலோ காலியிடம் தேடி அதனை வைத்தால் வீடு எழும்பும். ஆற்று ஆவணம் நினைவுக்கு வருகிறதல்லவா?

தொடக்கத்தில் நிலம் ஏராளம். ஆனால், ஆட்டக்காரர்கள் பல்லாயிரமாகப் பெருகினர், நிலமோ வளரவில்லை. காடெல்லாம் வீடாயிற்று. மனை தேடி நாள்கணக்கில் அலைய வேண்டியதாயிற்று. வீடுகள் விளையாட்டுக்கு வெளியே, ஈபேயில், உண்மைப் பணத்திற்கு ஏலம் போயின.

இன்னொரு சிக்கல் சாவி. தொடக்கக் காலத்தில் வீட்டைச் சாவியால் திறக்க வேண்டும். வழியில் கள்வர் கொன்றால் மற்றப் பொருள்களோடு சாவியும் போகும். சாவி போனால் வீட்டிலுள்ள யாவும் போகும். பெருங்கூச்சல் எழுந்தது. பிறகே, வீட்டு உரிமை பொருளோடு ஒட்டாமல் ஆளோடு ஒட்டும்படி விதி மாறியது. 'உரிமை என்பது கையிலிருக்கும் சாவியா, ஏட்டிலிருக்கும் பெயரா?' என்ற பழைய சட்டக் கேள்விக்கு அங்கே விடை காணப்பட்டது எனலாம்.

விட்டுப்போனவர்களின் வீட்டை என்ன செய்வது? அதற்கும் விதி வந்தது. உரிமையாளர் அவ்வப்போது வந்து வீட்டைப் புதுப்பிக்காவிட்டால் அது படிப்படியாகச் சிதையும். இறுதி நிலையில் அதன் பலகை, வீடு இடிந்து விழப்போகிறது என்று காட்டும். அதைக் கண்டவர்கள் கூட்டமாக வந்து சுற்றிலும் காத்திருப்பர். வீடு விழுந்த நொடியில் பொருளை அள்ளுவோரும் மனையைப் பிடிப்போரும் முட்டி மோதுவர். யாரோ ஒருவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த நினைவுகள் அங்கே சிதறிக் கிடக்கும். 2000-ஆம் ஆண்டில் அதே நிலத்தின் மறுபடியாக இன்னொரு நிலப்பரப்பைத் திறந்தபோது, அதனைப் பிடிப்பதற்கும் பெரும் ஓட்டமே நடந்தது.

பொருளியலிலும் ஒரு பாடம் உண்டு. உலகிலுள்ள மூலப்பொருளின் அளவு மாறாமல் இருக்க வேண்டும் என்பதே தொடக்கத் திட்டம். ஒரு பொருள் அழிந்தால்தான் அதன் மூலப்பொருள் மீண்டும் உலகுக்குத் திரும்பும். இயற்கைச் சுழற்சியைப் போன்ற அழகிய எண்ணம். மனித இயல்பை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டனர். மக்கள் எதையும் அழிக்கவில்லை. பெட்டி பெட்டியாக வீட்டில் அடுக்கினர். சுழற்சி நின்றது. திட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் வந்த முறையே ஊற்றும் வடிகாலும்: விலங்கைக் கொன்றால் பொன் பிறக்கும், கடைக்காரருக்குக் கொடுத்தால் பொன் மறையும். ஊற்று பெருகி வடிகால் அடைத்தால் பணவீக்கம்!

4. நாளங்காடியும் அல்லங்காடியும்

பண்டைத் தமிழ் நகரங்களில் பகற்கடைத் தெருவை நாளங்காடி என்றும் இரவுக்கடைத் தெருவை அல்லங்காடி என்றும் வழங்கினர். விளையாட்டு உலகிலும் இவ்விரண்டும் தோன்றின.

1999 மார்ச்சில் வெளிவந்த 'எவர்குவெஸ்ட்' விளையாட்டில் சந்தைக்கென்று இடமே இல்லை. ஆட்டக்காரர்கள் தாங்களாகவே, கிழக்குக் காமன்லாண்ட்ஸ் என்னும் பகுதியிலிருந்த ஒரு சுரங்கவழியில் கூடினர். ஏன் அங்கே? பல ஊர்களிலிருந்து வருபவர்க்கு நடுவில் இருந்தது. காவலர் தொல்லையும் குறைவு. அங்கே நின்று பொருளின் பெயரைக் கூவிக் கூவி விற்றனர். விற்பவர் விழித்திருக்க வேண்டும். வாங்குபவர் அதே வேளையில் வர வேண்டும். இது நாளங்காடி. 2001 டிசம்பரில் வந்த விரிவாக்கத்தில் 'பசார்' என்னும் சந்தை கட்டித் தரப்பட்டது. பொருளையும் விலையையும் வைத்துவிட்டு, கணினியை அணைக்காமல் உறங்கப் போகலாம், விற்பனை நடக்கும். இது அல்லங்காடி. வசதி பெருகியது, சுரங்கவழி வெறிச்சோடியது. பேரம் பேசிய வாய்களும் பழகிய முகங்களும் மறைந்தன என்று பழைய ஆட்டக்காரர்கள் வருந்தியதும் உண்டு.

அதே 2001-இல் எட்வர்ட் காஸ்ட்ரனோவா என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் இவ்வுலகை ஒரு நாடாகவே கருதி ஆராய்ந்தார். அவர் கணக்கின்படி அதன் ஆள்வீத மொத்த உற்பத்தி 2,266 அமெரிக்க டாலர். அக்கால ரஷ்யாவுக்கு இணையானது. இல்லாத நாட்டின் வருமானம் இருக்கும் நாட்டுக்கு ஒப்பானது கண்டு அறிஞர்கள் திகைத்தனர்.

2004 இறுதியில் வந்த 'வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்' ஏலக்கூடத்தை அறிமுகப்படுத்தியது. அங்கே விற்பனைத் தொகையில் 5 விழுக்காடு கழிவாக எடுக்கப்பட்டது. அது யாருக்கும் போய்ச் சேரவில்லை; மறைந்துவிடும். வருவாய்க்கு அன்று, பணவீக்கத்தைத் தடுக்கவே அந்த வரி. அரசு ஏன் வரி விதிக்கிறது என்பதற்கு வேறொரு விளக்கத்தை இங்கே மாணவர்க்குக் காட்டலாம்.

5. நம் வட்டாரத்துக் கடைத்தெரு

மலேசிய மாணவர்களிடம் இவ்வாணிகம் பெரும்பாலும் கொரிய விளையாட்டுகள் வழியாகவே வந்து சேர்ந்தது. 2000-களில் சைபர் கபேக்களில் 'ரக்னராக்' பெயர் தெரியாத இளைஞர் அரிது. 2002-இல் கொரியாவில் வெளிவந்த அவ்விளையாட்டில் வணிகர் என்பது தனித் தொழில். வணிகர் தள்ளுவண்டி வைத்துக்கொள்ளலாம். தெருவில் அமர்ந்து கடை விரிக்கலாம். பிரண்டேரா நகரத் தெருக்களில் வணிகர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பர். நம்மூர்ப் 'பாசார் மாலாம்' இரவுச் சந்தையைப் பார்த்தவர்க்கு அக்காட்சி புதிதாகத் தோன்றாது.

ஹேபிடட்டில் செய்த பிழையை இவர்கள் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். தேர்ந்த வணிகர் கடையில் 24 விழுக்காடு தள்ளுபடி பெறுவார்; விற்கும்போது 24 விழுக்காடு கூடுதலும் பெறுவார். அப்படியானால் வாங்கி வாங்கி விற்றே செல்வராகலாமே? முடியாது. கடை பொதுவாகப் பாதி விலைக்கே திரும்ப வாங்கும். 100 மதிப்புள்ள பொருளை 76-க்கு வாங்கினாலும், 50-இன் மேல் 24 விழுக்காடு கூட்டி 62-தான் கிடைக்கும். இழப்பு 14. விழுக்காட்டுப் பாடத்திற்கு இதைவிடச் சுவையான கணக்கு வேண்டுமா?

2005-ஆம் ஆண்டில் சிங்கப்பூர், மலேசிய ஆட்டக்காரர்களுக்காக 'மேப்பல் ஸ்டோரி'யின் தென்கிழக்காசியப் பதிப்பு வந்தது. நம் நாட்டுக் கம்பத்தையே ஓர் ஊராக அதில் வரைந்திருந்தனர். கம்பத்து வீடுகளைக் கண்டு நம் பிள்ளைகள் மகிழ்ந்தனர். அவ்விளையாட்டின் தனிச்சந்தையில் 22 அறைகள். முதலாம் அறையில், வாயிலுக்கு அருகில் இடம் பிடிப்பதே பெரும்பாடு. உண்மைக் கடைத்தெருவில் மூலைக்கடைக்கு வாடகை ஏன் கூடுதல் என்பதை அச்சிறுவர்கள் ஏட்டில் படிக்காமலேயே உணர்ந்திருப்பர்.

ஆனால், கடை விரிப்பதற்கான உரிமச் சீட்டை உண்மைப் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. விளையாட இலவசம், விற்கக் கட்டணம். கங்காரில் கடை நடத்தும் உரிமை யாரிடம் இருந்தது என்பதை மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள்.

6. பணம் உள்ளே நுழைந்தபோது

விளையாட்டுப் பொன்னை உண்மைப் பணத்திற்கு விற்கும் வாணிகம் விரைவில் பெருகியது. திருட்டுக் கடன் அட்டைகளும் அதில் புகுந்தன. இங்கிலாந்தின் 'ரூன்ஸ்கேப்' விளையாட்டில், 2006-இல் வீடு கட்டும் திறன் சேர்க்கப்பட்டது; 2007-இல் பேரங்காடி திறக்கப்பட்டது. 2008 ஜனவரியில், பொன் விற்போரை ஒடுக்குவதற்காக ஆட்டக்காரர்களிடையே தாராளக் கொடுக்கல் வாங்கல் தடுக்கப்பட்டது. மதிப்பில் ஏறக்குறைய சமமான பொருள்களையே மாற்றலாம். கள்வர் ஒடுங்கினர், நண்பனுக்கு அன்பளிப்புத் தர நினைத்தவனும் தடுக்கப்பட்டான். பலத்த எதிர்ப்பு எழுந்தது. வாக்கெடுப்பு நடத்தி, 2011 பிப்ரவரியில் பழைய உரிமையைத் திருப்பித் தந்தனர்.

'டயாப்லோ 3' நேர்மாறான வழியில் சென்றது. 2012-இல் நிறுவனமே உண்மைப் பண ஏலக்கூடத்தைத் திறந்தது. விளைவு? அரக்கரை வென்று அரிய வாளைப் பெறுவதே அவ்விளையாட்டின் உயிர். வாள் கடையில் கிடைக்கும்போது அரக்கரோடு ஏன் போராட வேண்டும்? உயிர் போயிற்று. 2014 மார்ச் 18-இல் ஏலக்கூடத்தை மூடிவிட்டனர். சந்தை நல்லதுதான், ஆயினும் சந்தைக்கு வரக்கூடாத பொருள்களும் உண்டு என்பதே இதன் பாடம்.

7. வீடு யாருடையது?

இப்போது முதன்மைக் கேள்விக்கு வருவோம்.

'ஃபைனல் ஃபேன்டசி 14' விளையாட்டில் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும் 60 மனைகள். தேவையோ பன்மடங்கு. முந்திவருபவர்க்கே மனை என்றிருந்தபோது மணிக்கணக்கில் சுட்டியை அழுத்திக்கொண்டே நின்றனர். 2022-இல் குலுக்கல் முறை வந்தது. 45 நாள் வீட்டிற்குள் நுழையாவிட்டால் வீடு அகற்றப்படும் என்பது அங்குள்ள விதி. உரிமையாளர் என்று பெயர். ஆனால் மாதச் சந்தா கட்டி, அடிக்கடி முகம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

2003-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ் கேலக்சிஸ்' விளையாட்டில் ஆட்டக்காரர்களே நகரங்களை எழுப்பினர், மேயரைத் தேர்ந்தெடுத்தனர். 2011 டிசம்பரில் நிறுவனம் வழங்கியை நிறுத்தியது. நகரங்கள் அனைத்தும் ஒரே நாளில் மறைந்தன. 'செகண்ட் லைப்' உலகில் நிலம் வாங்கிய அமெரிக்க வழக்கறிஞர் ஒருவரின் கணக்கை நிறுவனம் முடக்கியபோது, அவர் 2006-இல் நீதிமன்றம் சென்றார். நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் ஒரு பகுதி ஒருதலைப்பட்சமானது என்று 2007-இல் நீதிமன்றம் கூறியது. வழக்கு அவ்வாண்டே சமரசத்தில் முடிந்தது. மெய்யுரிமை யாருடையது என்னும் கேள்வி தீர்க்கப்படாமலேயே நின்றது.

உழைத்துக் கட்டிய வீடு, ஆனால் சொந்தமில்லை. இந்த நிலை தமிழருக்குப் புதிதா?

1909-இல் ஜொகூர் இருப்புப்பாதை நிறைவுற்றபின், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் லயத்து வீடுகளில் குடியிருந்தனர். வாசலில் கோலமிட்டனர், முருங்கையும் வாழையும் நட்டனர், கோயில் எழுப்பினர், பள்ளி எழுப்பினர். மூன்று தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தது. ஆயினும் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை நின்றால் வீடும் போகும். சம்பள நாளில் தோட்டத்துக் கடைக் கடனும் கள்ளுக்கடையும் வடிகாலாக நின்றன.

1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. வெளிநாட்டு உரிமையாளர்கள் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் துண்டுதுண்டாக்கி விற்றனர். தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தனர். வழங்கியை நிறுத்திய நாளில் நகரங்கள் மறைந்ததற்கும் இதற்கும் ஒப்புமை உண்டு, வேறுபாடும் உண்டு. அங்கே இழந்தது விளையாட்டு. இங்கே இழந்தது வாழ்வு.

அப்போதுதான் துன் வீ.தி.சம்பந்தன் அவர்கள் தலைமையில் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் தங்கள் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினர். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அவ்வகையில் முதலாவது. விதிக்கு உட்பட்டிருந்தவர்கள் விதியை மாற்ற முனைந்த தருணம் அது. எந்த விளையாட்டின் வரலாற்றையும்விட நம் பிள்ளைகள் முதலில் அறிய வேண்டிய வரலாறு இதுவே.

8. வகுப்பறையிலும் வீட்டிலும்

பிள்ளைகள் இன்று ரோப்லாக்சிலோ மைன்கிராப்டிலோ வேறெதிலோ வீடு கட்டிக்கொண்டிருக்கலாம். அவர்களிடம் "நிறுத்து" என்று மட்டும் சொல்வதற்குப் பதிலாக நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது: அந்த நிலத்தை உனக்குக் கொடுத்தவர் யார்? அவர் திரும்பப் பெற முடியுமா?

இரண்டாவது: அங்கே பணம் எங்கிருந்து பிறக்கிறது? எங்கே மறைகிறது? அப்பாவின் பணப்பை ஊற்றாக இருக்கிறதா?

மூன்றாவது: நீ செய்த பண்டமாற்றில் இருவரும் மகிழ்ந்தீர்களா? ஒருவர் மட்டும் மகிழ்ந்திருந்தால் அது வாணிகமா, ஏமாற்றா? கடவுச்சொல்லைக் கேட்பவர், "முதலில் நீ கொடு, பிறகு நான் தருகிறேன்" என்பவர் ஆகியோரை எப்படி அடையாளம் காண்பாய்?

நான்காவது: நாளைக்கே அவ்வுலகம் மூடப்பட்டால் உன்னிடம் எஞ்சுவது என்ன?

நான்காம் கேள்விக்குப் பிள்ளைகள் தரும் விடைகள் பலவகையாக இருக்கும். பணமும் வாளும் எஞ்சா. கணக்குப் போடும் திறன் எஞ்சலாம், நட்பு எஞ்சலாம், பேரம் பேசும் துணிவு எஞ்சலாம். அவற்றை நாம் மதிக்கத் தவறக்கூடாது.

நான்காம் ஆண்டிலிருந்து தொடங்கும் வரலாற்றுப் பாடத்தில் நிலம், குடியேற்றம், வாணிகம் என்று சொல்லும்போது மாணவர் முகத்தில் சலிப்புத் தெரிவது உண்டு. "ஆற்று ஆவணம் என்பது உங்கள் விளையாட்டில் மனை வாங்கும் சீட்டைப் போன்றது" என்று தொடங்கிப் பாருங்கள். அதன்பின் அவர்களையே ஒரு கங்காரை வரையச் சொல்லுங்கள். ஆட்சியாளர் ஒருவர், காங்சூ ஒருவர், தொழிலாளர் இருபது பேர். கடை யாருக்கு? வரி எவ்வளவு? வெளியேறுபவனின் குடிசை யாருக்கு? விதிகளை அவர்களே எழுதட்டும். பிறகு பாத்திரங்களை மாற்றி, ஆட்சியாளராக இருந்தவனைத் தொழிலாளியாக்குங்கள். தான் எழுதிய விதியின்கீழ்த் தானே வாழ நேரும்போது, அவ்விதி நேர்மையானதா இல்லையா என்பது அவனுக்கு விளங்கிவிடும்.

1990-ஆம் ஆண்டில், தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுக்கும் வசதிகளுக்கும் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டது. அதற்காகக் குரல் கொடுத்தவர்கள், வீடு என்பது முதலாளியின் கருணை அன்று, தொழிலாளியின் உரிமை என்று வாதிட்டவர்கள். நம் பிள்ளைகளில் ஒருவர் நாளை புதியதோர் இணைய உலகை வடிவமைக்கக்கூடும். அவ்வுலகில் குடியேறுபவனுக்கு எத்தகைய உரிமையை அவர் எழுதித் தருவார் என்பது, இன்று நாம் அவருக்கு எந்த வரலாற்றைச் சொல்லித் தருகிறோம் என்பதைப் பொறுத்தது.

உங்கள் பள்ளியில் இப்பயிற்சியைச் செய்து பார்த்தால், மாணவர்கள் எழுதிய விதிகளை எனக்கும் தெரியப்படுத்துங்கள். அவற்றைப் படிக்க ஆவலாக இருக்கிறேன்.